மாதிரித் தலை

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள் அவள். குழாய் காய்ந்துவிட்டது என்று கூப்பிட்டாலும் சரி, தெருவே குளமாகிவிட்டது என்று கூப்பிட்டாலும் சரி, "கவலைப்படாதீங்க, சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லியாச்சு" என்று சொல்லி வைக்கவேண்டும். அந்தச் சம்பந்தப்பட்டவர்கள் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்படி ஒரு அறை உண்டா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. குரல் மட்டும் அத்தனை இதம். திட்டக் கூப்பிட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். அலுவலகத்தில் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

தேன்குரலுக்கு ஒரு மகன். குப்புற விழப் பழகும் பருவம். கொஞ்சக் கொஞ்ச ஆசை தீராத குழந்தை, வலப்பக்கத்திலிருந்து பார்த்தால். இடப்பக்கம் அவனுக்கு ஆகாது. அந்தப் பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினால் கண் மட்டும் ஓரத்துக்கு வந்து இழுபடும், தலை வராது. தூங்கினாலும் வலம், பால் குடித்தாலும் வலம். ஒரே பக்கம் அழுந்தி அழுந்தி, பின்மண்டையின் வலப்பாதி பலகையில் வைத்துத் தேய்த்ததுபோல் ஆகியிருந்தது. முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்றார் மாமியார். மண்டை மறையும் அத்தை, கழுத்து எப்படித் திரும்பும் என்று கேட்டாள் தேன்குரல்.

தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்து முகம் மாறினாள். இது மண்டைக் கோளாறு இல்லை, கழுத்துத் தசை ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது, பிசியோதெரபி அறையில் காட்டுங்கள் என்றாள். இப்போது காட்டினால் எளிதில் இளகிவிடும், தள்ளிப்போட்டால் இறுகிவிடும், பிறகு முகமே ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து தேன்குரலுக்கு வாயில் வைத்தது உள்ளே இறங்கவில்லை.

பிசியோதெரபி அறை அதே ஆஸ்பத்திரியின் முதல் மாடியில்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பது கீழேயிருந்தே தெரிந்தது. ஆனால் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருந்த குமாஸ்தா வழியை மறித்துவிட்டார். தலை சம்பந்தப்பட்ட குழந்தைகளை நேரே மேலே விடக்கூடாதாம். பதறிய பெற்றோர் மேலே போய் வைத்தியர்களையும் பதற வைக்கிறார்களாம்.

"முதல்ல ஆறுதல், அப்புறம்தான் வைத்தியம்," என்றார் அவர். "கீழ் ஹால்ல மன்றம் நடக்குது. அங்க போய் ஆறுதல் அடைஞ்சுட்டு வாங்க."

சிசு சிரோவடிவப் பெற்றோர் பரஸ்பர ஆதரவு மன்றம் என்பது அதன் முழுப்பெயர். சொல்லி முடிப்பதற்குள் குழந்தைக்கு ஒரு பல் முளைத்துவிடும். ஒரு காலத்தில் இரண்டு தாய்மார்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, உன் பிள்ளைக்கு எப்படி, என் பிள்ளைக்கு இப்படி என்று பேசி அழுது சிரித்துத் தேறியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் ஏதோ நன்மை இருக்கிறது என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. உடனே பெஞ்சை எடுத்துவிட்டு மன்றத்தை வைத்தார்கள். அந்த இரண்டு தாய்மார்களும் முறையான பயிற்சி இல்லாமல் ஆறுதல் சொன்னவர்கள் என்று முதல் கூட்டத்திலேயே வெளியேற்றப்பட்டார்கள்.

ஹாலின் சுவரில் 'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நடுவில் நீளமான மரமேசை, நல்ல பாலிஷ். மன்றம் தலைகளுக்கானது என்பதால் தலைகள் அவைக்குத் தெரியவேண்டும் என்பது விதி. ஆகவே குழந்தைகளை வரிசையாக அந்த மேசையில் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். வெறும் மரம், ஒரு துணிகூடக் கிடையாது. துணி விரித்தால் வடிவம் சரியாகத் தெரியாதாம். தலைமையுரை முடியும்வரை ஒரு குழந்தையையும் தூக்கக் கூடாது. தலைமையுரையோ காலையில் தொடங்கினால் கட்டிடத்தின் நிழல் மறுபக்கம் விழும்வரை ஓடும். தட்டைத் தலைக்கு ஆதரவு தரும் கூட்டத்தில் தலைகள் மேலும் கொஞ்சம் தட்டையாகிக்கொண்டிருந்தன.

தட்டை என்று நான் சொல்லிவிட்டேன். மன்றத்தில் சொல்ல முடியாது. 'சமநிலைப் பின்புறம்' என்றுதான் சொல்லவேண்டும். தேன்குரல் தெரியாமல் தட்டை என்று சொன்னபோது அவை உச்சுக்கொட்டியது. அவள் எழுந்து நின்று சமநிலைப் பின்புறம் என்று திருத்திச் சொன்ன பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. "எங்க கடையில ரொட்டி இப்படி அமுங்கினா சமநிலைன்னு விக்கலாம் போல," என்று பின்வரிசையில் ஒரு பேக்கரிக்காரர் முணுமுணுத்தார். அவர் காது சிவக்கும்வரை எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் எடை அளவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தினவர். பக்கத்தில் வெல்வெட் விரிப்பின்மேல் ஒரு மெழுகுத் தலை இருந்தது. குழந்தைத் தலைதான். கழுத்தில்லாமல் தாடையோடு வெட்டி ஒரு கட்டைமேல் பொருத்தியது. அதற்குப் பெயர் மாதிரித் தலை. எந்தக் குழந்தையின் தலையையும் வளைகால் கவராயத்தால் அளந்து அதோடு ஒப்பிடுவதுதான் மன்றத்தின் முதன்மைச் சடங்கு.

"பெற்றோர்களே, ஒன்றைச் சொல்கிறேன்," என்று தலைவர் தொடங்கினார். "என் பணிக்காலம் முழுவதும் நான் எடைக்கல்லைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் காய்கறியைப் பார்த்ததில்லை. எடைக்கல் சரியாக இருந்தால் காய்கறி தன்னால் சரியாகிவிடும். அதுபோல இங்கே நாங்கள் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. மாதிரியைப் பார்க்கிறோம். மாதிரி பத்திரமாக இருக்கும்வரை உங்கள் குழந்தைகளுக்கு ஒரு குறையும் வராது."

கைதட்டல். மேசையைச் சுற்றி நின்ற நிர்வாகிகள் ஒரு கையில் கேக்கை வைத்துக்கொண்டு மறுகையால் தொடையில் தட்டினார்கள். கேக் தூள் கீழே கிடந்த குழந்தைகளின் முகத்தில் உதிர்ந்தது. தன் மகனின் கண்ணிமையில் விழுந்த துணுக்கைத் துடைக்க எழுந்த தேன்குரலை, அவையில் எழக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். துணுக்கு அங்கேயே இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். இந்த ஹாலைத் தாண்டாமல் குமாஸ்தா மாடிக்கு விடமாட்டாரே.

உரைக்குப்பின் ஆறுதல். அதற்கென்று ஒரு அலுவலர் இருந்தார். வியர்த்த உள்ளங்கைக்காரர். ஒவ்வொரு தாயின் கையையும் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து அழுத்துவார். சரியான நேரத்தில் அவர் இடது கண்ணில் நீர் துளிர்க்கும். வலது கண் அடுத்து யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

"உங்க மனசுல கவலை இருக்காம்மா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றாள்.

"அப்போ நீங்க இன்னும் ஆறுதல் அடையல. அடைஞ்ச பிறகுதான் மேல அனுப்ப முடியும். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வந்தாள். மகன் இன்னும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி மேசை, மறுபடி உரை, மறுபடி கேக் தூள். கவலை இருக்கிறதா என்று அதே ஈரக்கை கேட்டது. பழம் நழுவிப் பாலில் விழட்டும் என்று இந்தமுறை இல்லை என்றாள்.

அலுவலர் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம். கவலையே இல்லேன்னா அப்புறம் எதுக்கும்மா டாக்டரு?"

இந்தப் பேச்சு தேன்குரலுக்குப் புதிதில்லை. இதே இதம், இதே இழுப்பு, கேட்டவனை நன்றி சொல்லவைத்துக் கதவைச் சாத்தும் இதே வித்தை. நாள் முழுக்க அவள் தொலைபேசியில் விற்கிற சரக்கையே இவர் அவளுக்குத் திருப்பி விற்கிறார். அந்த இனிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். அங்கே பேக்கரிக்காரர் தன் மகளுக்கு ரொட்டித் துண்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நடக்கிற வயதுப் பெண். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏதோ ரகசியம் கேட்பவள்போல் தேன்குரலைப் பார்த்தது. எவ்வளவு அழகாகச் சாய்த்துப் பார்க்கிறாள் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"இவளும் உங்க பையன் மாதிரிதாங்க இருந்தா," என்றார் அவர். "ஆறுதல், ஆறுதல்னு இழுத்தடிச்சுட்டாங்க. கடைசியில அந்த மெழுகோட ஒத்துப்போச்சுன்னு முதல் பரிசு குடுத்தாங்க. கப்பு வீட்டுல இருக்கு. கழுத்து இப்படியே இருக்கு."

தேன்குரல் மகனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பேக்கரிக்காரர், பையனைக் குப்புற மடியில் போட்டுக்கொள்ளுங்கள், மேசையில் கிடந்த முதுகுக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்றார். ஏதாவது ஒரு வழி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் வந்து இப்படி உட்காருங்கள் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் காலடி வைத்ததிலிருந்து அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது அப்போதுதான். அது பொறுக்குமா? அலுவலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"உறுப்பினர்கள் நேரடியா ஆறுதல் சொல்லிக்கக் கூடாதுங்க. தரம் கெட்டுப்போயிடும்," என்று வருத்தத்தோடு சொல்லி, இருவரையும் தனித்தனி வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

பிறகு ஆண்டுவிழா வந்தது. சிரோ தினம் என்று பெயர். ஆஸ்பத்திரியின் தலைமை நிர்வாகி தன் பேரனோடு வந்து நடுநாற்காலியில் அமர்ந்தார். தலைவர் கவராயத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். மன்றத்தின் வெற்றி ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, இப்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மாதிரியோடு பொருந்துகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தேன்குரலின் மகனை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். மெழுகுத் தலையை அளந்தார். பையனின் தலையை அளந்தார். கவராயத்தின் கால் இம்மியும் பிசகவில்லை. அச்சு அசல். இந்த ஆண்டின் முதல் பரிசு இந்தக் குழந்தைக்கே, இனி இவனுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை என்று அறிவித்தார்.

மேடையில் கப்பு பளபளத்தது. மகன் வலப்பக்கம் பார்த்துக் கிடந்தான்.

அத்தோடு முடித்திருந்தால் மன்றம் இன்றைக்கும் சௌக்கியமாக இருந்திருக்கும். தலைவருக்கு ஆசை விடவில்லை. சிறப்பு விருந்தினரின் பேரனையும் அளந்து கௌரவிக்கப் போனார். பந்துபோல் உருண்டைத் தலை, பார்த்தாலே உருட்டி விளையாடத் தோன்றும். கவராயத்தை மெழுகிலிருந்து அந்தத் தலைக்குக் கொண்டுபோனார். பின்மண்டையில் அளவு பொருந்தவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் பொருந்தவில்லை. முத்திரை குத்தின பழக்கம் விடாமல், "மிகையான வளைவு" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். ஆறுதல் அலுவலர் பாய்ந்து போய்த் தலைமை நிர்வாகியின் கையைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணில் நீர் விட்டார்.

என் பேரனுக்கா கோளாறு என்று அவர் எழுந்தார். தலைவர் மெழுகைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், மேலே விட்டத்தைப் பார்த்தார். தேன்குரலுக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. நேரே போய் மாதிரித் தலையைத் தூக்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. முகம் எப்போதும் அவையைப் பார்த்திருந்ததால் பின்னால் என்ன என்று யாரும் பார்த்ததில்லை. திருப்பிக் காட்டினாள். பின்மண்டையின் வலப்பாதி சப்பையாக, பலகைபோல் இருந்தது.

அதை வைக்கும் அலமாரி கேன்டீன் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் டீ கொதிக்கிற பாய்லர். பல ஆண்டுகளாக மாதிரித் தலை அந்தச் சூட்டில் மல்லாந்து, கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறது. மெழுகுதானே, இளகிப் படிந்துவிட்டது. அது சப்பையாகச் சப்பையாக, அதே பக்கம் சப்பையான பிள்ளைகளெல்லாம் குணமாகிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"இதுவும் தட்டைதான்," என்றாள் தேன்குரல். "இத்தனை நாளா இதைக் காட்டித்தான் எங்களை அனுப்பினீங்களா?"

அவையில் யாரும் உச்சுக்கொட்டவில்லை. பேக்கரிக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். மேடையை விட்டு ஓடியிருக்கவேண்டிய தலைவர் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். வெட்கம் என்பது மாதிரி வைத்து அளக்கமுடியாத பொருள் போலும்.

"இது மிகவும் துயரமான செய்தி," என்றார். "நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கோளாறு ஏற்பட்டும் அவர் ஒருமுறைகூட முறையிடவில்லை. அந்தப் பொறுமையைப் பெற்றோர்கள் பின்பற்றவேண்டும்."

மேடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. அலுவலர் விதியை விளக்கினார். மாதிரித் தலைக்குக் கவலை இல்லை, ஆகவே ஆறுதல் அடைந்த நிலை பூர்த்தியாகிறது. கோளாறு இருப்பதோ கண்ணெதிரே தெரிகிறது, ஆகவே சிகிச்சைக்குத் தகுதியும் இருக்கிறது. மன்ற வரலாற்றில் இரண்டு நிபந்தனையும் ஒருசேரப் பொருந்திய முதல் உறுப்பினர் இதுதான். குணமாகும்வரை வாராவாரம் பிசியோதெரபி அறைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. கூட வருவதற்குத் தாயோ தகப்பனோ வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. மெழுகுக்குத் தாய் ஏது? கோளாறைக் கண்டுபிடித்தவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பொறுப்பைத் தண்டனையாகத் தேன்குரல் தலையில் கட்டினார்கள்.

தலைக்கு வந்ததைத் தலையால் ஏற்றுக்கொண்டாள். மறுநாளே ஒரு கையில் மெழுகும் இடுப்பில் மகனுமாக வந்தாள். குமாஸ்தா எழுந்து வணங்கி வழிவிட்டார். இத்தனை காலம் மலைபோல் தெரிந்த படி ஏறினால் சும்மா ஒரு படிதான்.

"மாதிரித் தலை யாரு?" என்று ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு மன்றத்தின் சீட்டைப் பார்த்துக் கேட்டார் அந்த அம்மாள்.

தேன்குரல் மெழுகை நாற்காலியில் வைத்தாள். மகனைக் கட்டிலில் வைத்தாள். "இவன்தான்," என்றாள்.

அந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பையனின் கழுத்தைப் பிடித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. தேன்குரலின் விரலையும் இழுத்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் கயிறுபோல் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு இறுகற வரைக்கும் ஏம்மா விட்டீங்க? முன்னாடியே வரக்கூடாதா?"

"வந்தேன்," என்றாள் தேன்குரல். "ஆறுதல் சொல்லி அனுப்பிட்டாங்க."

சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. அது கவலையின் அழுகை இல்லை, ஆத்திரம். அந்த அம்மாள் கையைப் பிடிக்கவில்லை, கண்கலங்கவும் இல்லை. பையன் தோளை எப்படிப் பிடிப்பது, தலையை எவ்வளவு மெதுவாகத் திருப்புவது, கிலுகிலுப்பையை எங்கே காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். நாளாகும், ஆனால் வரும் என்றார். இந்த அறைக்கு யாருமே வருவதில்லை, ஊரில் எல்லார் கழுத்தும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

அன்று சாயங்காலமே தேன்குரல் பேக்கரிக்குப் போய் மெழுகைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள். அதன்பிறகு மாதிரித் தலை ஒரு வீட்டில் தங்கவில்லை. ஒரு வாரம் பேக்கரிக்காரர் மகளோடு படியேறும், ஒரு வாரம் இன்னொருவர் பிள்ளையோடு. மன்றத்தில் பரஸ்பர ஆதரவு என்பது உண்மையில் நடந்தது அப்போதுதான், அதுவும் மன்றத்துக்குத் தெரியாமல். பல் முளைக்கும் பிள்ளைகள் மெழுகின் மூக்கைக் கடித்துத் துப்பின. அலுவலகத்தில் தேன்குரலின் குரல் கெட்டுப்போனதாகப் பேச்சு. சம்பந்தப்பட்டவர் யார் என்று அவளே எழுந்துபோய்த் தேட ஆரம்பித்துவிட்டாளாம்.

அடுத்த சிரோ தினத்தில் தலைவர் பிசியோதெரபி அறையின் அறிக்கையைப் படித்தார்.

"மாதிரித் தலையின் கழுத்து இப்போது இருபுறமும் தாராளமாகத் திரும்புகிறது. பசி நன்றாக எடுக்கிறது. இது நம் ஆறுதலுக்குக் கிடைத்த வெற்றி."

கழுத்தே இல்லாத அந்தத் தலை, மூக்கும் போய், வெல்வெட்டின்மேல் இருந்தது. நிர்வாகிகள் தொடையில் தட்டினார்கள். தலைவர் உற்சாகத்தில் கீழே இறங்கி வந்து பேக்கரிக்காரர் மகளின் தாடையை நிமிர்த்தினார். அவளுக்கு நிறையக் குணம்தான். ஆனால் காலம் கடந்து வந்ததால் ஒரு சாய்வு நின்றுவிட்டது, அது போகாது என்று மாடி அம்மாள் சொல்லியிருந்தார். "எவ்வளவு அழகாகச் சாய்ந்து கேட்கிறாள் பாருங்கள்," என்றார் தலைவர்.

பேக்கரிக்காரர் அந்தக் கையை மகளின் முகத்திலிருந்து எடுத்துவிட்டார். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தேன்குரல், நடக்கிற வயது வந்தும் விதிப்படி மேசையில் கிடந்த மகனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதைப் பார்த்து இன்னொரு தாய் தன் குழந்தையை எடுத்தாள், பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மேசையில் மரம் மட்டும் இருந்தது. எல்லாரும் மாடிப்படியில் நின்றார்கள். குமாஸ்தா எழுந்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேசையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்.

"ஆறுதல் இன்னும் முடியலையேம்மா," என்று அலுவலர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

தேன்குரல் திரும்பவில்லை. அவள் தோளில் கிடந்த மகன்தான் குரல் கேட்டு இடப்பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்தான். பார்க்கும்படி ஒன்றும் இல்லை போலும், உடனே மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.